இரவல் நகையில் பெயர் பொறிப்பார்களா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ஓர் இசையில் உரிமை தருவது பிறப்பா, பற்றா? பற்றுதான் என்று பேச வந்தேன். ஆனால் எதிரணி நண்பர் போகிற போக்கில் ஒன்றைச் சொன்னார்: "வழுக்கைத் தலையும் மூக்குக் கண்ணாடியுமாக இருக்கும் டேவிட் ரோடிகனுக்கு ரெகே இரவல் நகை." ரெகே என்பது ஜமைக்காவில் பிறந்த இசை. மற்றதெல்லாம் கிடக்கட்டும், இதற்குப் பதில் சொல்லாமல் நான் இறங்கமாட்டேன்.

ரோடிகன் பிரிட்டிஷ் ராணுவக்காரரின் மகன். நடிப்புப் படித்துவிட்டு, 1978இல் லண்டன் வானொலியில் ரெகே இசைத்தட்டு போட உட்கார்ந்தவர். 1980களில் ஜமைக்காவுக்கே போய், அந்த ஊர் வானொலியின் பெரும்புள்ளி பேரி ஜி என்பவரோடு இசைத்தட்டுப் போட்டியில் மோதினார். இவர் ஒரு தட்டு போடுவார், அதை அடிக்க அவர் ஒன்று போடுவார். விடுவாரா இவர்? அதையும் அடிக்க இன்னொன்று! கேட்டவர்களுக்குக் குரல்தான் தெரியும், முகம் தெரியாது. 'நம்ம ஆள்' என்றே நினைத்தார்கள். அப்புறம் நேரில் பார்த்தால், வெள்ளைக்காரர்!

இருங்கள், அந்த இடத்தை இன்னொரு தடவை சொல்கிறேன். ரெகே பிறந்த மண். கேட்டவர்கள் அந்த மண்ணின் மக்கள். அவர்கள் காதுக்கே வெளியாள் என்று தெரியவில்லை, நண்பரே! உங்கள் கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

இரவல் என்றீர்கள். டப்பிளேட் என்று ஒன்று இருக்கிறது. பாடகர் தன் புகழ்பெற்ற பாட்டையே, தட்டு போடுபவரின் பெயரைச் சேர்த்து மறுபடி பாடித் தருவார். அந்தக் காலத்தில் அதை அசிடேட் என்ற மென்மையான தட்டில் வெட்டிப் பதிவார்கள். ஊசி பட்டுப் பட்டுத் தேயும் தட்டு அது. ஜமைக்காவின் பெரிய பாடகர்கள் ரோடிகன் பெயரைச் சொல்லிப் பாடிக் கொடுத்திருக்கிறார்கள். இரவல் கொடுக்கிறவர் நகையில் வாங்குகிறவர் பெயரையா பொறித்துக் கொடுப்பார்?

2012இல் அவருக்கு 61 வயது. இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த வானொலி நிலையம், அவருடைய ரெகே நிகழ்ச்சியை ஞாயிறு நள்ளிரவுக்குத் தள்ளியது. அந்த வயதில் பலரும் கிடைத்தது போதும் என்று இருந்துவிடுவார்கள். இவர் இருக்கவில்லை. ரெகேயை ஓரங்கட்டுகிறீர்கள் என்று சொல்லி வேலையை உதறிவிட்டு வெளியே வந்தார். பெற்ற பிள்ளையைத் திண்ணையில் படுக்கச் சொன்னால் எந்தத் தகப்பன் அந்த வீட்டில் சோறு தின்பான்?

நடுவர் அவர்களே, அந்த மனிதரை வெளியாள் என்று தீர்ப்பெழுத உங்கள் கை வருமா?