பறக்கும் சிறுவனும் தட்டும் கைகளும்

விழாவுக்குத் தலைமை தாங்கும் நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, பணிச்சுமைக்கிடையிலும் முன்வரிசையில் வந்தமர்ந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் ஐயா அவர்களே, நான் சொல்ல நினைத்ததில் பாதியை அழகாகச் சொல்லி முடித்துவிட்ட தலைமையாசிரியர் அவர்களே, சால்வைச் செலவைக் குறைத்துச் சிறுவர் நூல்கள் வாங்கித் தந்த வாசகர் வட்ட நண்பர்களே, எல்லோருக்கும் மேலாகத் தரையில் அமர்ந்திருக்கும் குழந்தைகளே, வணக்கம்.

வளர மறுத்த சிறுவன் பீட்டர் பானைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: அவன் மேடையேறியது, திரைக்குப் போனது, அவன் ஈட்டும் பணம் யாரைச் சேர்கிறது என்பது. ஒரு கை தட்டினால் ஓசை எழாது என்று நான் எந்த மேடையிலும் சொல்வேன். இன்று அது தானாகவே பொருந்துகிறது.

ஸ்காட்லாந்துக்காரரான ஜே. எம். பாரி 1902இல் பெரியவர்களுக்கென எழுதிய ஒரு நாவலில்தான் பீட்டர் முதலில் தோன்றினான். 1904 டிசம்பர் 27 அன்று, லண்டன் டியூக் ஆஃப் யார்க்ஸ் அரங்கில் நீனா பூசிகோ என்ற நடிகை அவனாகக் கம்பியில் பறந்தார். டிங்கர் பெல் என்னும் குட்டித் தேவதைக்கு நடிகையே கிடையாது. ஓர் ஒளிப்புள்ளி, கூடவே மணியோசை, அவ்வளவுதான். பீட்டருக்கு வைத்த நஞ்சைத் தான் குடித்துவிட்டு அந்த ஒளி மங்கும்போது, தேவதைகள் உண்டென்று நம்புகிறவர்கள் கை தட்டுங்கள் என்று பீட்டர் அவையைக் கேட்கவேண்டும். பாரிக்கு வந்ததே பயம்! முதல் நாள் வந்தவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள். அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் தேவதையோடு நாடகமும் செத்துப்போகும். ஆகவே வாத்தியக் குழுவினரை, கருவிகளைக் கீழே வைத்துவிட்டு நீங்களாவது தட்டுங்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். அந்த ஏற்பாட்டுக்கு வேலையே இல்லை. அரங்கமே அதிர்ந்தது, நீனா மேடையிலேயே அழுதுவிட்டார் என்பார்கள். ஒரு கை தட்டினால் ஓசை எழாது. அன்று மேடை ஒரு கை, அவை மறு கை.

1924இல் அவன் ஊமைப்படமானான். 1953இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் எடுத்த கார்ட்டூன் படம் டிங்கர் பெல்லுக்கு முகமும் சிறகும் தந்தது, ஆனால் கைதட்டல் கேட்கும் கட்டத்தை விட்டுவிட்டது. 1955இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பீட்டராக நடித்த மேரி மார்ட்டின் வீட்டிலிருந்தவர்களைத் தட்டச் சொன்னார். தட்டியிருப்பார்கள், அவருக்குக் கேட்டிருக்குமா? திரையைக் குறை சொல்ல நான் வரவில்லை, ஆனால் அதற்குக் காது கிடையாது.

ஆகவேதான் அம்மையார் அவர்களிடம் மீண்டும் கேட்கிறேன். வரவேற்பு நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்குப் போகும் நமது கலையரங்கத்தை, மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை மட்டும் சிறுவர் நாடகத்துக்கு வாடகையின்றித் தர வேண்டும். கம்பியும் வேண்டாம், பறக்கவும் வேண்டாம். ஒரு மேடை, ஒரு விளக்கு போதும். பிள்ளைகள் நடிப்பார்கள், பிள்ளைகளே தட்டுவார்கள்.

மூன்றாவது செய்திக்கு நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பாரி 1929இல் பீட்டர் பானின் உரிமையை லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார் என்பதை மட்டும் சொல்லி அமர்கிறேன். கலையரங்கம் கேட்கும் மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. தேநீருக்குப் போகுமுன் கையொப்பமிட்டுச் செல்லுங்கள். நன்றி, வணக்கம்.