மெட்ராஸ் பெயரில் ஒரு நரம்பு நோய்

நேயர்களுக்கு வணக்கம்.

மோட்டார் நியூரான் நோய் என்று சொன்னதும் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி, "பிள்ளைகளுக்கும் வருமா டாக்டர்?" என்பதுதான். பெரும்பாலும் வராது. தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய் இது. அதிகம் காணப்படும் ஏ.எல்.எஸ். வகையில், ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவர் குடும்பத்தில்தான் வேறு யாருக்காவது இது வந்திருக்கும்.

அந்த ஒருவரை வைத்துத்தான் மரபணு ஆராய்ச்சி வளர்ந்தது. 1993இல் எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் முதல் பிழை பிடிபட்டது. 2011இல் சி9ஓஆர்எஃப்72 என்ற இன்னொரு மரபணுவின் பிழை பிடிபட்டது. ஐரோப்பிய வம்சாவளிக் குடும்பங்களில் பரம்பரையாக வரும் ஏ.எல்.எஸ்.ஸுக்குப் பெரிய காரணம் இதுதான். ஆசியாவில் அவ்வளவாக இல்லை. அதனால் இணையத்தில் பார்க்கும் வெளிநாட்டுக் கணக்கை நம் வீட்டுக்கு அப்படியே பொருத்திப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

நம் பக்கத்துக் கதை வேறு. 1970இல் சென்னையைச் சேர்ந்த மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி மூவரும் இளவயதினரிடம் காணப்பட்ட ஒரு தனி வகையைப் பற்றி எழுதினார்கள். மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய் என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. பள்ளி, கல்லூரி வயதில் ஆரம்பிக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதை வற்றிக் குழிவிழும். நாக்கு சூம்பி, உள்ளே புழு நெளிவதுபோல் துடிக்கும். பேச்சு குழறும், முகத்தசை தளரும், பலருக்குக் காதும் மந்தமாகும். ஆனால் ஏ.எல்.எஸ். போல இரண்டு மூன்று வருடத்தில் ஆளைச் சாய்த்துவிடாது. பல ஆண்டுகள் மெதுவாகவே நகரும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 1971 முதல் 2007 வரை பார்த்த 116 நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலோர் வீட்டில் வேறு யாருக்கும் இல்லை. சில குடும்பங்களில் மட்டும் உடன்பிறந்தவர்களுக்கும் இருந்தது.

காது மந்தமும் நாக்குத் தளர்ச்சியும் சேர்ந்து வரும் இன்னொரு அரிய நோயும் உண்டு. ரைபோஃப்ளேவின் எனும் பி2 வைட்டமினைச் செல்லுக்குள் கொண்டுபோகும் மரபணு அதில் பழுதாகியிருக்கும். அந்த வைட்டமினை அதிக அளவில் கொடுத்தால் பலருக்கு நல்ல முன்னேற்றம் தெரிகிறது. அப்படியானால் நம் மெட்ராஸ் நோயும் அதுதானோ? சோதித்துப் பார்த்தார்கள், இல்லை என்று 2013இல் எழுதினார்கள். எனக்கும் அது ஏமாற்றம்தான். ஆனாலும் காது மந்தத்தோடு வரும் இளைஞருக்கு அந்த மரபணுவைச் சோதிக்காமல் விடக்கூடாது. வைட்டமினுக்குக் கட்டுப்படக்கூடிய நோயைத் தவறவிடலாமா?

எஸ்.ஓ.டி.1 பிழை உள்ளவர்களுக்கும் இப்போது ஒரு வழி இருக்கிறது. முதுகுத்தண்டில் ஊசியாகப் போடும் டோஃபெர்சென் மருந்துக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நோயைக் குணமாக்கிவிடாது, நரம்புச் சேதத்தைக் காட்டும் ஒரு புரதம் ரத்தத்தில் குறைந்ததை வைத்துக் கொடுத்த அனுமதி அது.

சரி, டாக்டரிடம் போகும்போது என்ன கொண்டுபோகலாம்? ஸ்கேன் படங்களோடு மூன்று தலைமுறை விவரத்தையும் எழுதி எடுத்துப் போங்கள். அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் கல்யாணம் நடந்ததா, சின்ன வயதிலேயே யாருக்காவது காது கேட்காமல் போனதா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். தாய், தந்தை இருவரிடமும் ஒரே பழுது மறைந்திருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒரு அறிகுறியும் இல்லாத சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் அவசரப்பட்டுச் சோதனை செய்யாதீர்கள். பதினெட்டு வயதானதும், மரபணு ஆலோசகரோடு பேசி, வேண்டுமா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

நன்றி, வணக்கம்.