தக தக தக தகிட தகிட

(கொழிஞ்சாம்பாறையில் ஒரு வாசகசாலை ஆண்டுவிழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளே, வணக்கம்.

பல வாத்தியங்கள் ஒன்றாக வாசிக்கும் சிம்பொனி இசையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், நம்ம ஊரில் அதை யார் கேட்க வருவார்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். கும்மி அடித்த கை இருக்கிறவர்கள் எல்லோரும் வருவார்கள் என்றேன். வந்திருக்கிறீர்கள், சந்தோஷம்.

முதலில் என்னோடு கை தட்டுங்கள். தக, தக, தக, தகிட, தகிட. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் தட்டு. இன்னொரு தரம். இரண்டிரண்டாக மூன்று, மும்மூன்றாக இரண்டு, மொத்தம் 12 எண்ணிக்கை. சரி, பிடித்துவிட்டீர்கள்.

இது செக் நாட்டுக் குடியானவர்கள் ஆடிய ஃபூரியன்ட் என்ற ஆட்டத்தின் நடை. இதை மேடைக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் அந்தோனின் டுவோர்ஷாக் என்ற செக் இசையமைப்பாளர். கிராமத்தில் இறைச்சிக்கடையும் சத்திரமும் நடத்தியவரின் மகன். பிராக் நகரத்தில் ஒரு நாடக அரங்கின் வாத்தியக் குழுவில் வயோலா, அதாவது வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வாத்தியம், வாசித்து வயிறு வளர்த்தவர். பிராம்ஸ் என்ற பெரிய இசையமைப்பாளர் அவரைப் பற்றிச் சொல்ல, பெர்லின் பதிப்பாளர் ஒருவர் ஆடல் இசை எழுதித் தரச் சொன்னார். 1878இல் எட்டு ஸ்லாவிய நடனங்கள் வந்தன. முதலில் ஒரே பியானோவில் இருவர் வாசிக்க, அதே வருஷம் முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு, அதாவது பெரிய வாத்தியக் குழுவுக்கு.

அவற்றில் நாட்டுப்புற மெட்டு எதையும் அவர் எடுக்கவில்லை. மெட்டெல்லாம் சொந்தம். ஊரிலிருந்து எடுத்தது காலடியை மட்டும்தான். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது இதனால்தான். இரண்டு வருஷம் கழித்து எழுதிய ஆறாவது சிம்பொனியில் மூன்றாம் பகுதியே ஃபூரியன்ட். முந்தைய தலைமுறை இசையமைப்பாளர் ஹைடன் காலத்தில் அந்த இடத்தில் மினுவெட் உட்கார்ந்திருந்தது, அரண்மனை ஆட்டம். அங்கே வயல்காட்டு ஆட்டம் வந்து நின்றது.

காலடியிலிருந்து அப்படி என்ன கிடைக்கும்? என் பெரியம்மா கும்மிக்கு முதலடி எடுப்பவர். குனிந்து தட்டுகிற தட்டு கனமாக விழும், நிமிர்ந்து தட்டுவது லேசாக விழும். கை அதேதான், உடம்பு இருக்கும் இடம்தான் வேறு. சின்ன வயதில் நான் திண்ணையில் கண்ணை மூடிக்கொண்டே, பெண்கள் இப்போது குனிந்திருக்கிறார்களா நிமிர்ந்திருக்கிறார்களா என்று சொல்லிவிடுவேன். இந்தக் கனமும் லேசும்தான் வாத்தியத்துக்குள் போகிறது. வியன்னாக்காரர்கள் வால்ட்ஸ் என்ற மூன்று தட்டு ஆட்ட இசையை வாசிக்கும்போது இரண்டாவது தட்டைக் கொஞ்சம் முந்தியே போடுவார்கள். காகிதத்தில் மூன்று தட்டும் சமம். அந்த முந்தலை எழுதி வைக்க முடியாது, ஆடிய ஊரில் வளர்ந்தால் வரும்.

கதகளியில் செண்டைக்காரரைப் பாருங்கள். அவர் கண் நடிகரின் கையிலும் காலிலுமே இருக்கும். கலாசம் என்ற ஆட்டப் பகுதி வரும்போது காலும் கோலும் ஒன்றாக விழும். ஆர்க்கெஸ்ட்ராவில் எதிரே ஆடுபவர் இல்லை. இல்லாத ஆட்டக்காரரைக் கேட்பவர் மனசில் எழுப்ப வேண்டும், அதுதான் கஷ்டம்.

அப்புறம் ஹங்கேரி இசையமைப்பாளர் பேலா பார்டோக். இவர் மெட்டையே ஊரில் தேடினார். மெழுகு உருளையில் பதிவு செய்யும் ஃபோனோகிராஃபோடு கிராமம் கிராமமாக அலைந்தவர். அப்போது ஹங்கேரியில் இருந்த டிரான்சில்வேனியாவில் கிடைத்த ருமேனிய மெட்டுகளை 1915இல் பியானோவுக்கும் 1917இல் சிறிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் அமைத்தார். முதல் ஆட்டம் கோலாட்டம், கையில் கோலோடு ஆடுவது. மூன்றாவதன் பெயருக்கு 'நின்ற இடத்தில்' என்று பொருள், நின்ற இடத்திலேயே மிதித்து ஆடுவது. கடைசியில் சின்னச் சின்ன அடிகளாக வேகம் எடுக்கும். முதலில் வைத்த தலைப்பு 'ஹங்கேரியிலிருந்து ருமேனிய நாட்டுப்புற ஆடல்கள்'. முதல் உலகப் போர் முடிந்து அந்த மண் ருமேனியாவுக்குப் போனது. தலைப்பிலிருந்து ஹங்கேரியும் போனது.

இதைப் படித்தபோது நம்ம சித்தூர் தாலுகா நினைவுக்கு வந்தது. கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்தோம், 1956 நவம்பர் 1 முதல் கேரளத்தில் இருக்கிறோம். விஷு கழிந்து பகவதி கோவில்களில் கண்யார்களி என்ற ஆட்டம் தொடங்கும்போது ஒன்பது கால் பந்தலில் விளக்கைச் சுற்றி வட்டக்களி ஆடுகிறார்கள். பாட்டில் தமிழும் மலையாளமும் கலந்தே வருகிறது. எந்தச் சொல் எந்த மொழி என்று ஆடுகிறவர் யாரும் நின்று பார்ப்பதில்லை, அடுத்த அடி வந்துவிடும்.

அந்த வட்டக்களியின் நடையை வைத்து நம் பிள்ளைகளில் ஒருவர் 60 வாத்தியங்களுக்கு எழுத வேண்டும். இது என் ஆசை. பாட்டை அப்படியே எடுத்து வயலினில் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை, டுவோர்ஷாக் வழியே நல்லது என்று நினைக்கிறேன். அதற்கு முதலில் வட்டத்தில் இறங்கி ஆட வேண்டும்.

போன மாசம் பெரியம்மாவிடம் எதுவும் சொல்லாமல் ஸ்லாவிய நடனங்களில் எட்டாவதைப் போட்டேன், அதுவும் ஃபூரியன்ட்தான். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கீரை மடியில் கிடக்க, விரல் முறத்தின் விளிம்பில் தட்ட ஆரம்பித்தது. "வேகம் ஜாஸ்தி, குனிஞ்சு நிமிர முடியாது" என்றார். அதன் பிறகு, "இன்னொரு தரம் போடு, பார்ப்போம்" என்றார்.

அதையே இப்போது இந்த ஒலிபெருக்கியில் போடுகிறேன். நாலு நிமிஷம்தான். கையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். தக, தக, தக, தகிட, தகிட.