வானத்துக்கு யார் பூட்டுப் போடுவது?

நேயர்களுக்கு வணக்கம்.

கோலாலம்பூரின் சிப்பாங் விமான நிலையத்திலிருந்து லண்டன் போகும் விமானத்தைக் கைப்பேசிச் செயலியில் ஒரு மாதம் தொடர்ந்து பார்த்து வாருங்கள். அந்தமான் கடல், வங்காள விரிகுடா, இந்தியா வரைக்கும் அந்தக் கோடு ஏறக்குறைய ஒரே தடத்தில் போகும். அதற்கு மேற்கே நிலையாக நிற்காது. சில நாள் வடக்கே ஒதுங்கும், சில நாள் வளைகுடாப் பக்கம் இறங்கும். காற்றுக்காகவும் விமானம் வளையும், இடிமேகத்துக்காகவும் வளையும். ஆனால் வாரக்கணக்கில் ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டு போனால் அதற்குக் காரணம் வானிலை இல்லை, அரசியல்.

என் கருத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். கோபத்தைக் காட்ட வேண்டுமென்றால் அரசுகள் ஒரே நாளில் வான்வெளியைச் சாத்திவிடுகின்றன. பயணிகளின் உயிரைக் காக்கச் சாத்த வேண்டிய நேரத்தில் மட்டும் தாழ்ப்பாளில் கை வைக்கத் தயங்குகின்றன.

இந்த அதிகாரம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? 1944 டிசம்பர் 7-ஆம் தேதி சிக்காகோவில் 52 நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையிலிருந்து. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வானத்தில் முழு உரிமை உண்டு, அதில் வேறு எவருக்கும் பங்கில்லை என்று அதன் முதல் பிரிவே சொல்கிறது. இராணுவத் தேவைக்காகவோ பொதுமக்கள் பாதுகாப்புக்காகவோ சில பகுதிகளில் பறக்கத் தடை போடலாம் என்கிறது ஒன்பதாம் பிரிவு. ஆக, திறப்பதும் மூடுவதும் அந்தந்த அரசின் கையில். மூடவில்லையே என்று தட்டிக் கேட்க மேலே ஒரு காவலர் கிடையாது. மொன்ட்ரியாலில் இருக்கும் ஐக்காவோ, அதாவது ஐநாவின் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, அறிவுரை சொல்லும், வழக்கு வந்தால் விசாரிக்கும். வானத்தைப் பூட்ட அதனிடம் சாவி இல்லை.

அடுத்தது பணம். ஒரு நாட்டில் இறங்காமல் மேலே பறந்து போனாலும் கட்டணம் உண்டு. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் டோல் கட்டுகிறோமே, அது மாதிரிதான். ஐரோப்பாவில் கணக்கு இப்படிப் போகும். பறக்கும் தூரத்தைக் கிலோமீட்டரில் எடுத்து 100-ஆல் வகுப்பார்கள். விமானம் அதிகபட்சம் எத்தனை டன் எடையோடு எழும்பலாமோ, அதை 50-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுப்பார்கள். இரண்டையும் பெருக்கி, அந்த நாட்டின் அலகுக் கட்டணத்தாலும் பெருக்குவார்கள். 280 டன் விமானம் 1,000 கிலோமீட்டர் பறந்தால் 10 பெருக்கல் 2.37, அதாவது 23.7 அலகு. அலகுக்கு 60 யூரோ என்று வைத்துக்கொண்டால் 1,420 யூரோ. ஒரு விமானம் ஒரு தடவை கடந்து போனதற்கு இவ்வளவு. நாளுக்கு நூறு விமானம் கடந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். வானத்தைச் சாத்தினால் இந்த வருமானம் அன்றைக்கே நின்றுபோகும்.

2019 பிப்ரவரி 27-ஆம் தேதி, இந்தியாவோடு மோதல் மூண்டபோது, பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது. முழுதாகத் திறக்க ஜூலை 16 ஆகிவிட்டது. தங்களுக்கு 850 கோடி ரூபாய் நட்டம் என்று பாகிஸ்தான் அமைச்சர் சொன்னார். ஏர் இந்தியாவுக்கு 491 கோடி ரூபாய் நட்டம் என்று இந்திய நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். அது அவர்கள் ரூபாய், இது இவர்கள் ரூபாய், மதிப்பு வேறு வேறு. நட்டம் மட்டும் இரு பக்கமும். அத்தனை பட்ட பிறகும், 2025 ஏப்ரல் 24-ஆம் தேதி இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் கதவைச் சாத்தியது. ஆறு நாள் கழித்து இந்தியாவும் சாத்தியது. வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது போல இரு தரப்பும் மாதா மாதம் தடையை நீட்டின.

இந்த முறை தடை எல்லாருக்கும் இல்லை. எந்த நாட்டில் பதிவான விமானம் என்று பார்த்துப் போட்ட தடை. மலேசிய விமானம் பாகிஸ்தான் மேலே போகலாம், இந்திய விமானம் போகக்கூடாது. கோலாலம்பூருக்கு வரும் பாகிஸ்தான் விமானத்தின் நிலைமையைப் பாருங்கள். லாகூரிலிருந்து நேர்கோடு போட்டால் இந்தியாவைக் குறுக்கே வெட்டி, வங்காள விரிகுடா வழியாக இங்கே வரும். அந்தக் கோடு அடைபட்டால் ஒன்று சீனா வழியாக மேலே ஏறி வர வேண்டும், இல்லையென்றால் இலங்கைப் பக்கம் இறங்கி வர வேண்டும். டில்லியிலிருந்து வட அமெரிக்கா போகும் ஏர் இந்தியா விமானங்கள் சில, வியன்னாவில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு போக வேண்டியதாயிற்று. இதில் யாருடைய பாதுகாப்பு கூடியது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை.

சுற்றிப் போனால் என்ன, முக்கால் மணி நேரம்தானே என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த முக்கால் மணி நேரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஏ350 போன்ற பெரிய விமானம் மணிக்கு ஏறக்குறைய 6 டன் எண்ணெய் எரிக்கும். 45 நிமிடத்துக்கு நாலரை டன். கணக்கு அதோடு முடிவதில்லை, ஏனென்றால் எண்ணெயைச் சுமக்கவும் எண்ணெய் வேண்டும். கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு டன்னுக்கும் மணிக்கு ஏறக்குறைய 3 விழுக்காடு, அதைச் சுமப்பதற்கே எரிந்துபோகும். பயணத்தின் கடைசியில் தேவைப்படும் நாலரை டன்னைப் பத்து மணி நேரம் சுமந்தால், மேலும் ஒரு டன்னுக்கு மேல் போய்விடும். பெட்டியோடு சேர்த்து ஒரு பயணிக்கு 100 கிலோ என்றால் இந்த இரண்டும் சேர்ந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட பயணிகளின் எடை. விமானம் ஏற்கெனவே எடை வரம்பில் இருந்தால் எதையாவது இறக்கித்தான் ஆக வேண்டும். முதலில் இறங்குவது சரக்கு. அது போதாவிட்டால் சில இருக்கைகளைக் காலியாக விட்டுப் பறப்பார்கள்.

இதில் கைவைக்கக் கூடாத பகுதியும் உண்டு. போக வேண்டிய ஊருக்கான எண்ணெய், அதன் மேல் எதிர்பாராததற்காக வழக்கமாக 5 விழுக்காடு, அங்கே இறங்க முடியாவிட்டால் மாற்று விமான நிலையத்துக்குப் போக ஒரு பங்கு, அதற்கும் மேல் 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் வட்டமிடப் போதுமான கடைசி இருப்பு. அந்த 30 நிமிடத்தைத் தொட வேண்டி வந்தால் விமானி 'மேடே' என்று ஆபத்து அழைப்பு விடுத்தே ஆக வேண்டும். ஆகவே பறந்துகொண்டிருக்கும்போது முன்னால் ஒரு நாடு மூடிக்கொண்டால், சுற்றிப் போகும் அளவுக்குத் தொட்டியில் இல்லையென்றால், திரும்புவதோ நடுவில் இறங்குவதோதான் வழி. 2025 ஜூன் 23-ஆம் தேதி இரவு கத்தார் திடீரென வான்வெளியை மூடியபோது டோஹா போய்க்கொண்டிருந்த விமானங்கள் அப்படித்தான் சிதறிப் போயின. அந்த மூடலை நான் குறை சொல்ல மாட்டேன். ஏவுகணை வருகிறது என்று தெரிந்ததும் மூடினார்கள், அடங்கியதும் சில மணி நேரத்தில் திறந்தார்கள். கதவு இருப்பதே அதற்குத்தானே.

மாறாக நடந்ததற்கு உதாரணம் தேடி மலேசியர்கள் தூரம் போக வேண்டியதில்லை.

எம்எச்17. 2014 ஜூலை 17, ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்கு. 298 பேர், அதில் 43 பேர் மலேசியர்கள். அது சுடப்பட்டு விழுந்தது போர் நடந்த கிழக்கு உக்ரேனில். மூன்று நாளுக்கு முன்புதான் அந்தப் பகுதியில் உக்ரேனின் இராணுவச் சரக்கு விமானம் ஒன்று 6,000 மீட்டருக்கு மேலே சுடப்பட்டு விழுந்திருந்தது. அன்றைக்கே உக்ரேன் 32,000 அடி வரை தடை போட்டது. அதற்கு மேலே திறந்தே வைத்தது. எம்எச்17 பறந்தது 33,000 அடியில். தடைக்கும் விமானத்துக்கும் இடையே வெறும் 1,000 அடி. அதை வீழ்த்திய புக் வகை ஏவுகணை அந்த உயரத்தைப்போல இரு மடங்குக்கும் எட்டும். 32,000 என்ற எண்ணால் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

இதை விசாரித்த டச்சுப் பாதுகாப்பு வாரியம் 2015 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில், வான்வெளியை மூட உக்ரேனுக்குப் போதிய காரணம் இருந்தது என்று சொன்னது. அன்று அதே வானத்தில் 160 விமானங்கள் பறந்தன என்றும் சொன்னது. மலேசிய விமானம் மட்டும் ஏன் அங்கே போனது என்று அப்போது கேட்டவர்கள் இந்த எண்ணைக் கவனிக்கவில்லை. சுட்டவர்களின் பொறுப்பு வேறு. 2025 மே மாதம் ஐக்காவோ மன்றம், ரஷ்யா தன் கடமையை மீறியது என்று முடிவு சொன்னது. சம்பவம் நடந்து ஏறக்குறைய பதினோரு ஆண்டுகள் கழித்து.

ஏன் மூடவில்லை? பணம் ஒரு காரணம் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது மானப் பிரச்சினை. என் வானம் என் கையில் இல்லை என்று எந்த அரசும் ஒப்புக்கொள்ள விரும்பாது. 2020 ஜனவரி 8-ஆம் தேதி விடியற்காலை ஈரானும் அதையேதான் செய்தது. ஈராக்கிலிருந்த அமெரிக்கத் தளங்கள் மீது ஏவுகணை வீசிவிட்டு, பதிலடி வருமென்று காத்துக்கொண்டே, தெஹ்ரான் விமான நிலையத்தை வழக்கம்போல நடத்தியது. அங்கிருந்து எழும்பிய உக்ரேனிய விமானத்தை அவர்கள் படையே தவறாகச் சுட்டது. 176 பேர் இறந்தார்கள்.

வேறு பாதை இல்லையா என்றால், இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வில்லங்கத்தோடு. இமயமலைக்கு வடக்கே போகலாம். ஆனால் விமானத்தின் உள்ளழுத்தம் போனால் 10,000 அடிக்கு இறங்க வேண்டும். பயணிகளின் முகமூடியில் வரும் உயிர்வளி பெரும்பாலான விமானங்களில் கால் மணி நேரத்துக்குத்தான் வரும். திபெத்தில் தரையே அதைவிட உயரம். அதனால் கூடுதல் உயிர்வளி ஏற்பாடும், தப்பிக்கும் வழிகளை முன்கூட்டிக் குறித்த திட்டமும் இல்லாமல் அந்தப் பாதையில் போக முடியாது. ஆப்கானிஸ்தான் மேலே போகலாம், விமானத்துக்கு 700 அமெரிக்க டாலர். ஆனால் 2021 ஆகஸ்ட் முதல் அங்கே வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் சேவை இல்லை. நான் இன்ன இடத்தில், இன்ன உயரத்தில் இருக்கிறேன் என்று விமானிகளே பொது அலைவரிசையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு போக வேண்டும். போர்ப் பகுதிகளை ஒட்டிப் போனால் பொய்யான ஜிபிஎஸ் சமிக்ஞை வேறு. விமானத்தின் கடிகாரம் வரைக்கும் குழம்பி, நடு வானில் பறக்கும்போது 'மலை முன்னால் இருக்கிறது, மேலே ஏறு' என்று கருவி கத்தும்.

அண்டை வீட்டுச் சண்டையும் நமக்கு உண்டு. 2018 கடைசியில் சிலேத்தார் விமான நிலையத்துக்குச் சிங்கப்பூர் புதிய தரையிறக்க முறையைக் கொண்டுவர, அதனால் எல்லைக்கு இந்தப் பக்கம் ஜொகூரின் பாசிர் கூடாங்கில் கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு வரும் என்று மலேசியா எதிர்த்தது. பாசிர் கூடாங் வானத்தைத் தடைப் பகுதியாக அறிவித்தது. 2019 ஏப்ரலில் அவர்கள் அந்த முறையைக் கைவிட்டார்கள், நாம் தடையை நிறுத்திவைத்தோம். விமானம் எதுவும் விழவில்லை, யாரும் சுடவில்லை. சண்டை போட்டால் இப்படிப் போட வேண்டும்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் டிக்கெட் கையில் வைத்திருப்பவர்களும் இருப்பீர்கள். வான்வெளி மூடும் அறிவிப்புக்கு நோட்டாம் என்று பெயர். அதில் 'பி' என்ற வரி தொடங்கும் நேரம், 'சி' முடியும் நேரம். பத்து இலக்கம் இருக்கும்: ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம். 2511301900 என்றிருந்தால் 2025 நவம்பர் 30, இரவு 7 மணி. ஆனால் அது உலக நேரம். நமக்கு எட்டு மணி கூட்டி, டிசம்பர் 1 அதிகாலை 3 மணி. தேதியே மாறுவதைக் கவனிக்காமல் விமான நிலையத்துக்குப் புறப்பட்டுவிடாதீர்கள்.

வழியில் விமானம் மாறுவதாக இருந்தால் முழுப் பயணத்தையும் ஒரே முன்பதிவில் வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால் இருநூறு முந்நூறு ரிங்கிட் மிச்சமாகலாம். ஆனால் முதல் விமானம் திரும்பி வந்துவிட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான்.

நம் நாட்டின் பயணிகள் பாதுகாப்பு விதிப்படி இரண்டு மணி நேரம் தாமதமானால் உணவு தர வேண்டும். ஐந்து மணி நேரத்தைத் தாண்டினால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எந்த வழியில் கட்டினீர்களோ அதே வழியில் 30 நாளுக்குள் வர வேண்டும். வவுச்சர்தான் தருவோம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். புகாரை 2025 ஆகஸ்ட் முதல் கவனிப்பது மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம். ஐரோப்பாவிலிருந்து திரும்பும்போது வான்வெளி மூடலுக்கு ரொக்க இழப்பீடு கிடைக்காது, ஏனென்றால் அது நிறுவனத்தின் கையை மீறியது. ஆனால் சாப்பாடும் தங்குமிடமும் தந்தே ஆக வேண்டும். முகப்பில் இருப்பவர் இல்லை என்று கையை விரித்தால் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள், பிறகு கோரலாம்.

பயணக் காப்புறுதி எடுப்பவர்கள் விதிவிலக்குப் பக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலான பத்திரங்களில் போர் விலக்கப்பட்டிருக்கும். மோதல் செய்தியில் வந்த பிறகு வாங்கினால், தெரிந்த ஆபத்து என்று சொல்லி மறுப்பார்கள். டிக்கெட் வாங்கிய அன்றே அதையும் வாங்கிவிடுங்கள். மாத்திரைகளை மூன்று நாளுக்குக் கூடுதலாக எடுத்து, பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். விமானம் வேறு ஊரில் இறங்கினால் பெட்டி உங்களோடு வெளியே வராது.

நன்றி, வணக்கம்.