தோல் பதனிடும் இடத்தில் ஒரு பி.எச். எலக்ட்ரோடு

நேயர்களுக்கு வணக்கம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத் தோல் தொழிற்சாலைகளில் பி.எச். எலக்ட்ரோடு, அதாவது திரவத்தின் அமில, காரத் தன்மையை அளக்கும் கருவி, படும் பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. அங்கே நீண்ட நாள் உழைப்பது எது, டிஜிட்டல் வகை வாங்கலாமா என்று பார்ப்போம். மயிர் நீக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் பி.எச். 12-ஐத் தாண்டும். அமிலமும் உப்பும் சேர்த்த பிக்கிள் கரைசலில் 3-ஐ ஒட்டி நிற்கும். தோலைப் பதப்படுத்தும் குரோம் உப்பை ஏற்றிய பிறகு சோடா போட்டு 3.8, 4 என்று மெல்ல உயர்த்துவார்கள். அவசரப்பட்டால் குரோம் தோலின் மேலேயே படிந்துவிடும். தோலை வெட்டி, வெட்டுமுகத்தில் பி.எச்.சுக்கு ஏற்ப நிறம் மாறும் புரோமோகிரசால் கிரீன் சொட்டு விட்டுப் பார்க்கும் பழக்கம் இன்னும் உண்டு. அது நல்லதுதான், தோலுக்குள் இருப்பதை எலக்ட்ரோடு சொல்லாது.

எலக்ட்ரோடின் நுனியில் மெல்லிய கண்ணாடிக் குமிழ் இருக்கும். 25 டிகிரியில் பி.எச். ஓர் அலகு மாறினால் மின்னழுத்தம் சுமார் 59 மில்லிவோல்ட் மாறும். அதை ஒப்பிட்டுப் பார்க்க உள்ளேயே இன்னொரு முனை: வெள்ளிக் கம்பி, சில்வர் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு கரைசல். வெளித் திரவத்தோடு அதற்குத் தொடர்பு, பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பீங்கான் திரி வழியாகத்தான்.

'எலக்ட்ரோடு போச்சு' என்றதும் எல்லோரும் கண்ணாடியைத்தான் பார்ப்பார்கள். இங்கே பெரும்பாலும் கெடுவது அந்தத் திரி. சுண்ணாம்புத் தொட்டியில் சோடியம் சல்பைடு இருக்கிறதே, அது திரிக்குள் புகுந்து வெள்ளியோடு சேர்ந்தால் கறுப்பாக அடைத்துக்கொள்ளும். அப்புறம் ரீடிங் ஓரிடத்தில் நிற்காது, நகர்ந்துகொண்டே இருக்கும். வெளியே வெள்ளைப் புள்ளியாகத் தெரியும் அந்தத் திரி கறுத்திருந்தால் தயோயூரியா கலந்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவையுங்கள், கரையும். அதற்கு முன் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். சல்பைடில் அமிலம் பட்டால் விஷவாயு கிளம்பும்.

அதனால், நீண்ட நாள் உழைக்கும் எலக்ட்ரோடு வேண்டுமென்றால் முதலில் திரியைப் பற்றிக் கேளுங்கள். உள் முனைக்கும் வெளித் திரவத்துக்கும் நடுவே இரட்டைத் தடுப்பு உள்ளது, அல்லது திரியே இல்லாமல் கெட்டியான பாலிமர் நிரப்பித் துளையைத் திறந்து விட்டது, இரண்டும் தாக்குப்பிடிக்கும். பாலிமர் வகையில் கரைசலை மறுபடி நிரப்ப முடியாது, தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

சரி, டிஜிட்டல் எதற்கு? கண்ணாடியின் மின்தடை கோடிக்கணக்கான ஓம். கனெக்டரில் கொஞ்சம் ஈரம் ஏறினாலே ரீடிங் பொய் சொல்லும். தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் ஓடும் தளத்தில் ஈரத்துக்கா பஞ்சம்? டிஜிட்டலில் எலக்ட்ரோடின் தலையிலேயே அளவு எண்ணாக மாறிவிடுகிறது. சில வகைகளில் கனெக்டரில் உலோகத் தொடர்பே கிடையாது. காலிபரேஷன் விவரமும் தலைக்குள் பதிவாகும். லேபில் பி.எச். 4, 7 என்று அளவு தெரிந்த பஃபர் கரைசல்களில் சரிபார்த்துக் கொண்டுபோய் டிரம்மில் மாட்டினால் போதும்.

ஆனால் 'டிஜிட்டல், அதனால் நீண்ட நாள் வரும்' என்று விற்பனையாளர் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். கண்ணாடி மூப்படைவதை சிப் தடுக்காது. என்னைக் கேட்டால், சிறிய தொழிற்சாலை டிரம் பக்கத்துக்கு மட்டும் டிஜிட்டல் வாங்கலாம். லேபுக்குக் கரைசல் நிரப்பும் சாதாரண வகையே போதும். இரண்டையும் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் வையுங்கள், காய்ச்சி வடித்த நீரில் வேண்டாம். நன்றி, வணக்கம்.