நடுவர் தீர்ப்பில் ஜெயித்தாச்சு, லாயர் செலவு யார் தலையில்?

[திரையில்: மேசை மேல் தடித்த பைல், கடைசிப் பக்கம் திறந்திருக்கிறது]

வணக்கம். செந்தூலில் வீடு புதுப்பிக்கும் வேலை எடுத்துச் செய்யும் ஓர் அண்ணன் போன மாதம் இந்தப் பைலோடு வந்தார். கோர்ட்டுக்குப் போகாமல் ஒரு நடுவரை வைத்துத் தகராறைத் தீர்க்கிற ஆர்பிட்ரேஷன், அதாவது நடுவர் விசாரணையில் தீர்ப்பு அவர் பக்கம். எதிர்த்தரப்பு 180,000 வெள்ளி கொடுக்க வேண்டும். ஆனாலும் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. "லாயருக்கே 60,000 ஆச்சு தம்பி. அதைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே?"

[திரையில்: 2005 நடுவர் தீர்ப்புச் சட்டம், பிரிவு 44]

ஜாலான் சுல்தான் ஹிஷாமுடினில் உள்ள ஆசிய அனைத்துலக நடுவர் மையத்தில் விசாரித்தாலும் சரி, ஒரு லாயர் ஆபீஸில் உட்கார்ந்து விசாரித்தாலும் சரி, மலேசியாவில் நடக்கும் உள்நாட்டுத் தகராறு விசாரணைக்கு இந்தப் பிரிவுதான். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளவில்லை என்றால், செலவை யார் தருவது, எவ்வளவு தருவது என்பது நடுவரின் முடிவு. தோற்றவர் தருவதுதான் பொதுவான வழக்கம். ஆனால் தானாகக் கிடைத்துவிடாது. செலவைப் பற்றி நடுவர் எதுவுமே தீர்க்காமல் விட்டால், அவரவர் லாயர் செலவு அவரவருக்கு, நடுவரின் கட்டணம் ஆளுக்குப் பாதி. அண்ணனின் கவலை இதுதான்.

சரி, கேட்டால் முழுசாகக் கிடைக்குமா? அங்கேதான் சண்டையே. ஒரு நாள் விசாரணைக்கு எதற்கு இரண்டு லாயர் என்று எதிர்த்தரப்பு கேட்கும். நியாயமான செலவா என்று நடுவர் பார்ப்பார். அண்ணனின் பில் ஒன்றில் 'சட்டச் சேவை, 25,000' என்று ஒற்றை வரிதான் இருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. எந்த நாள், என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று பிரித்து எழுதி வாங்காத பில்லை வைத்து வாதாடுவது ரொம்பக் கஷ்டம்.

[திரையில்: ஒட்டிய உறை]

இன்னொரு விஷயம், பலர் கவனிக்காதது. விசாரணை நடக்கும்போதே எதிர்த்தரப்பு, "150,000 தருகிறேன், முடித்துக்கொள்வோம்" என்று அண்ணனுக்குக் கடிதம் எழுதியிருந்தது. அவர் மறுத்தார். கிடைத்தது 180,000, அதனால் பயமில்லை. அதே கடிதத்தில் 200,000 என்று இருந்திருந்தால்? அந்தத் தேதிக்குப் பிறகான செலவைத் தீர்மானிக்கும்போது, நல்ல தொகையை வேண்டாம் என்றவர் இவர்தான் என்பதை நடுவர் கணக்கில் எடுக்கலாம். ஜெயித்தவரே கைக்காசு போடும்படி ஆகலாம். மற்ற எல்லாவற்றையும் தீர்த்து முடிக்கும்வரை அந்தக் கடிதத்தை நடுவர் கண்ணில் காட்டக்கூடாது என்பதும் சட்டம். கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், அதன் தேதிக்கு விலை உண்டு.

'செலவைத் தரவும்' என்று எழுதிவிட்டுத் தொகையை விட்டிருந்தால், நடுவரிடம் கேளுங்கள். 30 நாளில் அவர் சொல்லாவிட்டால் உயர்நீதிமன்றத்தில் மனு போட்டுத் தொகையை நிர்ணயிக்கச் சொல்லலாம்.

அண்ணன் விஷயம் வேறு. செலவு வேண்டும் என்று ஆரம்ப மனுவிலேயே கேட்டிருந்தார், தீர்ப்பில்தான் விட்டுப்போயிருக்கிறது. அதற்கு 35வது பிரிவு. தீர்ப்பு கைக்கு வந்த 30 நாளுக்குள், எதிர்த்தரப்புக்கும் தெரிவித்துவிட்டு, கூடுதல் தீர்ப்பு கேட்க வேண்டும்.

"எப்போ வந்தது அண்ணே?"

அவருக்கு நினைவில்லை. பைலுக்கு அடியில் கூரியர் உறை கிடந்தது. முத்திரையைப் பார்த்து விரல் விட்டு எண்ணினோம். 19 நாள். அப்புறம் டீ ஆறிப்போகும்வரை அவர் லாயரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.