கூடையில் கிடந்த வேதம்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் ஐயா அவர்களே, காய்ச்சலோடு வந்திருக்கும் சேகரகுரு ஐயரவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி என் நேரத்திலும் பத்து நிமிடத்தை எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, பந்தலும் மின்விசிறியும் உபயம் செய்த அன்பர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மார்களே, எல்லாருக்கும் தோத்திரம். போன முறை உபதேசியாரைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. ஐயா, உங்களுக்கு இரண்டு தோத்திரம்.

மூன்று கேள்விகள் கொண்டுவந்திருக்கிறேன். மாற்கு சுவிசேஷம் எங்கே முடிகிறது? யோவான் சுவிசேஷத்தில் வரும் விபசார ஸ்திரீயின் சம்பவம் முதலிலிருந்தே அங்கே இருந்ததா? எபிரெயர் நிருபத்தை எழுதியது யார்?

நம் கையிலுள்ள மாற்கு 16ஆம் அதிகாரத்தில் 20 வசனம். ஆனால் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு பெரிய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள், வத்திக்கான் பிரதியும் சினாய் பிரதியும், 8ஆம் வசனத்தோடு நின்றுவிடுகின்றன. கல்லறைக்குப் போன பெண்கள் பயந்து ஓடி, "ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற்போனார்கள்". அவ்வளவுதான். வத்திக்கான் பிரதியை எழுதியவர் அதற்கப்புறம் ஏட்டில் ஒரு நெடுவரிசை முழுவதையும் வெறுமையாக விட்டிருக்கிறார். அவருக்கும் சந்தேகம் போலிருக்கிறது! இது இன்றைய பேராசிரியர்கள் கிளப்பிய வம்பு அல்ல. அதே நூற்றாண்டில் திருச்சபை வரலாறு எழுதிய செசரியாவின் யூசேபியுஸ், திருத்தமான பிரதிகள் அங்கேதான் முடிகின்றன என்று எழுதினார். அதற்கும் முன்னால், 2ஆம் நூற்றாண்டிலேயே ஐரேனியுஸ் என்ற பேராயர் 19ஆம் வசனத்தை எடுத்தாண்டிருக்கிறார். ஆக, அந்த 12 வசனமும் பழையவைதான். மாற்குவின் கையா என்பதுதான் வழக்கு. நடை வேறு, சொற்கள் வேறு என்பதால் அறிஞர்களில் பெரும்பாலோர் இல்லை என்கிறார்கள்.

சரி, அந்தச் சினாய் பிரதி எப்படிக் கிடைத்தது? குன்றிமணி குப்பையில் கிடந்தாலும் நிறம் போகுமா என்பார் என் பாட்டி. கேளுங்கள்.

1844. எகிப்தில், சினாய் மலையடிவாரத்தில் புனித கத்தரீன் மடம். ஜெர்மனியின் லைப்சிக்கிலிருந்து டிஷன்டார்ஃப் என்ற 29 வயது இளைஞர் வருகிறார். நூலகத்தில் ஒரு கூடை. கூடை நிறையப் பழைய தோல் ஏடுகள். "இதுமாதிரி இரண்டு குவியல் ஏற்கெனவே அடுப்புக்குப் போய்விட்டது" என்றார்களாம். எடுத்துப் பார்த்தால் கிரேக்கப் பழைய ஏற்பாடு! 43 ஏடுகளை வாங்கிக்கொண்டார். ஆனால் மனிதர் சந்தோஷத்தை மறைக்கத் தெரியாதவர். அவர் முகத்தைப் பார்த்ததும் துறவிகள் உஷாராகி, மீதியைத் தரவில்லை. (சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவன் பல்லைக் காட்டலாமா?) 1853இல் மறுபடி போனார், வெறுங்கை. 1859இல் மூன்றாம் முறை. கிளம்பும் நேரத்தில் மடத்து மேற்பார்வையாளர் தம் அறைக்கு அழைத்துப்போய், சிவப்புத் துணியில் சுற்றிய ஒரு மூட்டையை எடுத்து வைத்தார். புதிய ஏற்பாடு முழுவதும்! அந்த இரவு டிஷன்டார்ஃப் தூங்கவே இல்லை.

அப்புறம் அது ரஷ்யப் பேரரசரிடம் போனது. 1933இல் சோவியத் அரசு 1 லட்சம் பவுண்டுக்கு லண்டனுக்கு விற்றது. மடத்துக்காரர்கள் கதையோ வேறு. கூடை என்பது ஏடுகளை வைக்கும் இடம், எரிப்பதற்கு அல்ல. இரவல் வாங்கியவர் திருப்பித் தரவில்லை என்பது அவர்கள் மனக்குறை. எனக்கு அவர்கள் பக்கம்தான் சாய்வு. 1975இல் அதே மடத்தில், மறந்துபோன ஓர் அறையிலிருந்து அதே பிரதியின் இன்னும் சில ஏடுகள் வெளிவந்தன. குன்றிமணி குப்பையில் கிடந்தாலும் நிறம் போகுமா?

இதை ஏன் இவ்வளவு நீட்டினேன் என்று உங்களுக்குத் தெரியும். 1715இல் தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் முடிந்தது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். ஆனால் நான் பார்த்த ஒரு சபையில், பெயர் வேண்டாம், வெள்ளையடிக்க இடைஞ்சலாக இருக்கிறதென்று ஞானஸ்நானப் பதிவேடுகளையும் பழைய வேதாகமங்களையும் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டார்கள். எடைக்கு, ஐயா, எடைக்கு! நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் பாதி பொட்டலமாகிவிட்டது. மீட்டது ஒரு அடக்கப் பதிவேடு. அதிலும் நடுவில் கிழிசல்.

தலைவர் ஐயா மணியை அடித்துவிட்டார். விபசார ஸ்திரீயின் சம்பவம் சினாய், வத்திக்கான் இரண்டு பிரதியிலும் இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். எபிரெயர் நிருபம் அடுத்த வருடத்துக்கு. வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். உங்கள் ஆலயத்து அலமாரியில் என்னென்ன பழைய புத்தகம் இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போங்கள், கைபேசியில் படமெடுக்க நம் வாலிபர்கள் வருவார்கள். பேனா உபதேசியாரிடம் இருக்கிறது.